சுளீரென விரட்டும் 8,000 வோல்ட்... உயிரைக் குடிக்கும் 230 வோல்ட்!

மின்வேலிப் பெட்டிக்குள் என்னதான் நடக்கிறது?

கொல்லிமலை, திருப்புலி நாட்டிலிருந்து வாசகர் ஒருவர் கேள்வி அனுப்பியிருந்தார். 'ஒன்றரை ஏக்கரில் மரவள்ளி வைத்திருக்கிறேன். காட்டுப்பன்றிகள் ஒரே ராத்திரியில் வரிசை வரிசையாகக் கிளறிவிட்டுப் போகின்றன. சூரிய மின்வேலி போடச் சொல்கிறார்கள். அதில் 8,000 வோல்ட் ஓடுமாம். வீட்டு கரன்ட் 230 வோல்ட்தான். 8,000-க்கு 230 எவ்வளவோ தேவலைதானே? இல்லையென்றால், மலிவாகக் கிடைக்கிற சர்க்யூட் போர்டை வாங்கி நாமே மாட்டிக்கொள்ளலாமா?'

இப்படிப்பட்ட கேள்விகளுக்குக் கேள்வி-பதில் பகுதியில் நாலு வரியில் பதில் சொல்வது வழக்கம். இதற்கு நாலு வரி போதாது. 'எவ்வளவோ தேவலை' என்று நினைத்துக் கம்பியை நேராக வீட்டு லைனில் கொடுத்தவர்களால் மனிதர்களும் விலங்குகளும் செத்துக்கொண்டே இருக்கிறார்கள். 2023 மார்ச் மாதம் தர்மபுரி மாவட்டம், மாரண்டஅள்ளி பக்கத்தில் அப்படிப்பட்ட ஒரு வேலியில் மூன்று யானைகள் ஒரே இடத்தில் விழுந்து இறந்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் மட்டும் தப்பித்து, தாய்களைச் சுற்றிச் சுற்றி வந்த காட்சியைத் தொலைக்காட்சியில் பலரும் பார்த்திருப்பீர்கள். அந்த நிலத்துக்காரர் கைதானார். அவர் வேலி போட்டதும் பன்றிக்குப் பயந்துதான்.

ஆக, கேள்விக்கு நேரடி பதில் இதுதான். 230 தேவலை இல்லை. அதுதான் எமன். ஏன் என்று புரிந்துகொண்டால், சர்க்யூட் போர்டு கேள்விக்கும் பதில் தானாகக் கிடைக்கும்.

உயிரை எடுப்பது வோல்ட் மட்டுமல்ல

ஈரக் காலோடு மண்ணில் நிற்கிற ஒருவர், 230 வோல்ட் கம்பியைத் தொடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். உடம்பின் மின்தடை சுமார் 1,000 ஓம் என்றால், உடம்பு வழியாக 230 மில்லி ஆம்பியர் பாயும். 10, 15 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே தசை இறுகிவிடும். பிடித்த கம்பியை விட முடியாது. 'கரன்ட் இழுத்துப் பிடிச்சிடுச்சு' என்று நாம் சொல்வது இதைத்தான். 50, 100 மில்லி ஆம்பியர் சில விநாடிகள் தொடர்ந்து நெஞ்சு வழியாகப் போனால் இதயம் தாளம் தப்பித் துடித்து நின்றுவிடும். 230 மில்லி ஆம்பியர் என்பது அதற்கும் மேலே.

'ஃபியூஸ் போயிடாதா?' என்று கேட்கலாம். போகாது. ஃபியூஸும் எம்.சி.பி-யும் 10, 16 ஆம்பியர் என்று வந்தால்தான் அறுத்துவிடும். ஆளைக் கொல்ல கால் ஆம்பியர் போதும். அந்தக் கால் ஆம்பியரை அவை கண்டுகொள்வதே இல்லை.

முறையான மின்வேலியில் 8,000 வோல்ட் இருப்பது உண்மைதான். ஆனால், அது கம்பியில் எப்போதும் இருப்பதில்லை. ஒரு விநாடியை 10,000 பங்காக்கினால், அதில் ஒன்று முதல் மூன்று பங்கு நேரம் மட்டும் அடிக்கும். மீதி நேரம் முழுக்கக் கம்பி வெறும் கம்பி. தொட்ட விலங்குக்குச் சுளீரென்று ஒரு அடி விழுகிறது. அடுத்த அடி வருவதற்குள் மூக்கை எடுத்துக்கொண்டு ஓட ஒரு விநாடி அவகாசம் இருக்கிறது. அந்த ஒரு விநாடி இடைவெளிதான் மின்வேலியின் உயிர்நாடி. அதைக் கொடுப்பது கம்பியோ, கல் தூணோ, சோலார் பேனலோ இல்லை. எனர்ஜைசர் என்கிற அந்தச் சின்னப் பெட்டிக்குள் இருக்கிற மின்னணுச் சுற்றுதான்.

கவலை ஏற்றத்தில் சால் கவிழ்வதைப் போல

கவலை ஓட்டிய காலத்தைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். கிணற்றில் சால் மெள்ள நிறைகிறது. மாடு பின்னால் வந்து முன்னால் போக, மேலே வந்ததும் மொத்தத் தண்ணீரும் ஒரே வீச்சில் கவிழ்கிறது. பிறகு, மறுபடி நிறைய வேண்டும்.

எனர்ஜைசரில் சாலுக்குப் பதில் கெப்பாசிட்டர். பேட்டரியின் 12 வோல்ட்டை ஒரு சுற்று 400, 500 வோல்ட்டாக உயர்த்தி, கெப்பாசிட்டரை மெள்ள நிரப்பும். நேரம் பார்க்கிற இன்னொரு சுற்று, விநாடிக்கு மேல் சற்று கழித்து ஒரு சைகை கொடுக்கும். தைரிஸ்டர் என்கிற மின்னணு மதகு திறக்கும். நிறைந்தது மொத்தமும் ஒரு டிரான்ஸ்பார்மருக்குள் கொட்டும். அங்கே பல ஆயிரம் வோல்ட்டாகி வேலிக்குப் போகும். பெட்டியில் 'டிக்... டிக்...' என்று கேட்கிறதே, அது சால் கவிழ்கிற சத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சால் எவ்வளவு பெரிதோ அவ்வளவுதான் தண்ணீர். 20 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரை 500 வோல்ட்டுக்கு நிரப்பினால், அதில் இருப்பது 2.5 ஜூல் ஆற்றல். ஒரு கிலோ வெல்லத்தை ஒரு சாண் உயரத்துக்கு ஏறக்குறையத் தூக்குகிற அளவு வேலை, அவ்வளவுதான். மின்வேலிப் பெட்டிகளுக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 302-2-76, இது போன்ற உலகத் தர நிர்ணயத்தை ஒட்டியது. அதன்படி, மனித உடம்புக்கு ஈடான 500 ஓம் தடையில் ஒரு அடிக்கு 5 ஜூலுக்கு மேல் போகக் கூடாது. இரண்டு அடிக்கு நடுவே ஒரு விநாடியாவது இருக்க வேண்டும். வீட்டு லைன் கம்பியைப் பிடித்தவர் உடம்பில் ஒவ்வொரு விநாடியும் இறங்குவது 50 ஜூலுக்கும் மேலே. அதுவும் நிற்காமல்.

இந்தச் சுற்று ஒரே நாளில் வந்துவிடவில்லை. நியூசிலாந்தில் 1930-களில் பில் கல்லகர் என்பவர், தன் காரில் வந்து உரசிக்கொண்டே இருந்த குதிரையை விரட்ட, உரசினால் ஷாக் அடிக்கும்படி ஒரு ஏற்பாடு செய்தார். அதுவே வேலிப் பெட்டியாக வளர்ந்தது. ஆனால், அந்தக் காலத்துப் பெட்டிகளில் ஒரு பெரிய குறை. நாலு புல் கம்பியில் பட்டாலே மின்சாரம் முழுக்கப் புல் வழியாக மண்ணுக்குப் போய்விடும். 1962-ல் அதே நாட்டில், ருவாகுரா ஆராய்ச்சி நிலையத்தின் டக் பிலிப்ஸ், கெப்பாசிட்டரில் சேர்த்து வைத்துச் சட்டென்று கொட்டுகிற முறையைக் கொண்டுவந்தார். அடி மிகக் குறுகியது, வேகம் அதிகம். அதனால், கொஞ்சம் புல் பட்டிருந்தாலும் கம்பிக் கடைசி வரை அடி போய்ச் சேர்ந்தது. இன்று நம் ஊர்க் கடைகளில் இருக்கிற பெட்டிகள் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

மலிவு போர்டை வாங்கலாமா?

வேண்டாம். மலிவு என்பதற்காகச் சொல்லவில்லை. வெறும் போர்டில் எந்தப் பாகம் எப்போது பழுதாகும், பழுதானால் என்ன நடக்கும் என்பதை யாரும் சோதித்துப் பார்த்திருப்பதில்லை. நேரம் பார்க்கிற சுற்று கெட்டுப்போய், சால் கவிழ்வது விநாடிக்கு ஐந்து, பத்து முறை என்று ஆகிவிட்டால், தொட்டவர் கையை எடுக்கவே நேரம் இருக்காது. தரச் சான்று பெற்ற பெட்டியை, உள்ளே ஒரு பாகம் செத்தாலும் ஆபத்தில்லாத பக்கமே சாய்கிற மாதிரி வடிவமைத்துச் சோதிக்கிறார்கள். நாம் காசு கொடுப்பது முக்கியமாக இதற்குத்தான்.

போர்டை வாங்குபவர்கள் செய்கிற இன்னொரு வேலை, பேட்டரி இறங்கிவிட்டால் ஒரு சாதாரண சார்ஜரை வீட்டு லைனில் மாட்டி, வேலி ஓடும்போதே சார்ஜ் போடுவது. அந்த சார்ஜருக்குள் காப்பு உடைந்தால், 230 வோல்ட் நேராக வேலிக்கு வந்துவிடும். சூரிய மின்வேலி என்று பெயர். அடிப்பது வீட்டு கரன்ட்.

ஏற்கெனவே பெட்டி வைத்திருப்பவர்கள் ஒரு சோதனை செய்யலாம். கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு நிமிடத்துக்கு எத்தனை 'டிக்' என்று எண்ணுங்கள். 60-ஐத் தாண்டினால் அன்றே நிறுத்திவிடுங்கள். 60-க்குக் கீழே இருந்தால் எல்லாம் சரி என்றும் அர்த்தமில்லை; ஒவ்வொரு அடியின் அளவு காதுக்குத் தெரியாது. தர எண் பெட்டியில் பொறித்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் வழி. வோல்ட் பார்க்க, வேலிக்கென்றே விற்கிற டெஸ்ட்டரைப் பயன்படுத்துங்கள். வீட்டில் இருக்கிற மல்டி மீட்டரை வைத்தால் மீட்டர் போய்விடும்.

மலையில் மின்வேலி படுகிற பாடு

சமவெளியில் நன்றாக ஓடுகிற வேலி, கொல்லிமலையில் ஏன் படுத்துக்கொள்கிறது என்று பலர் கேட்கிறார்கள். மூன்று காரணங்கள். அதில் எர்த்தைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அதைத்தான் யாரும் கவனிப்பதில்லை.

பன்றியின் மூக்கில் பட்ட அடி, அதன் உடம்பு வழியாக மண்ணில் இறங்கி, மண் வழியாகவே நடந்து, எர்த் கம்பி மூலம் பெட்டிக்குத் திரும்பினால்தான் வட்டம் முடியும். மலையில் அடியில் பாறை. மாசி, பங்குனியில் மேல் மண் காய்ந்து பொருக்காகிவிடும். பாதை அடைபட்டுப்போகும். பெட்டி 8,000 வோல்ட் காட்டும். பன்றிக்கு எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காது. ஒன்றரை, இரண்டு மீட்டர் எர்த் ராடு மூன்றாவது, ஒன்றுக்கொன்று 3 மீட்டர் தள்ளி, எப்போதும் ஈரம் இருக்கிற இடமாகப் பார்த்து இறக்க வேண்டும். ஓடைப் பக்கமோ, வாழைக்குத் தண்ணீர் பாய்கிற இடமோ இருந்தால் நல்லது. வீட்டு எர்த்திலிருந்து 10 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். பாறை எதற்கும் இடம் தரவில்லை என்றால், வேலிக் கம்பிகளை ஒன்று விட்டு ஒன்று எர்த்தோடு இணைத்துவிடலாம். அப்போது, பன்றி ஒரே நேரத்தில் இரண்டு கம்பியைத் தொட்டாலே வட்டம் முடிந்துவிடும்; மண்ணை நம்ப வேண்டியதில்லை.

எர்த் போதுமா என்று பார்க்க ஒரு வழி உண்டு. பெட்டியை நிறுத்திவிட்டு, 100 மீட்டர் தள்ளி, இரும்புக் கம்பிகள் சிலவற்றை மண்ணில் குத்தி வேலியில் சாய்த்து வையுங்கள். பெட்டியைப் போட்டு, வேலியில் 2,000 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதா என்று பாருங்கள். இறங்காவிட்டால் மறுபடி நிறுத்திவிட்டு இன்னும் சில கம்பிகளைச் சாய்க்க வேண்டும். இறங்கிய பிறகு, எர்த் ராடில் டெஸ்ட்டரை வையுங்கள். 300 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், இன்னும் ராடு வேண்டும் என்று அர்த்தம்.

அடுத்து, சரிவு. பன்றி தாண்டுகிற விலங்கு இல்லை, நுழைகிற விலங்கு. அதன் ஈர மூக்கில் அடி விழ வேண்டும். உடம்பில் பட்டால் அந்த முரட்டு மயிருக்கு உறைக்காது. முதல் கம்பி தரையிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். இரண்டாவது, அதற்கு மேல் ஒரு சாணில். மேடும் பள்ளமுமான நிலத்தில் தூண்களை 8, 10 மீட்டருக்கு ஒன்று என்று அளந்து நட்டால், நடுவில் பள்ளம் வருகிற இடத்தில் அடியில் இரண்டு சாண் இடைவெளி விழுந்துவிடும். ஒரே வாரத்தில் பன்றி அதைக் கண்டுபிடித்துவிடும். தூணை அளவு பார்த்து நடாமல், தரை பார்த்து நட வேண்டும். கம்பி இவ்வளவு கீழே இருந்தால் மழைக்குப் பிறகு புல் பத்து நாளில் தொட்டுவிடும். களை எடுப்பது வேலியின் பராமரிப்பில் பாதி.

மூன்றாவது, பனி மூட்டம். ஐப்பசி, கார்த்திகையில் நாலு நாள் சூரியனையே பார்க்காமல் இருப்பது மலையில் சகஜம். 2.5 ஜூல் பெட்டி, இழப்பையும் சேர்த்து, 12 வோல்ட்டில் சுமார் 0.3 ஆம்பியர் எடுக்கும். ஒரு நாளைக்கு 7 ஆம்பியர்-மணி. நாலு நாளுக்கு 29. லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும். எனவே, 60 ஆம்பியர்-மணி பேட்டரி வேண்டும். விற்பவர் 26 போதும் என்றால், அவர் கணக்குப் போட்டது சமவெளி வெயிலை வைத்து.

வேலியே பேசினால்...

இனி, ஆராய்ச்சி எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று பார்ப்போம். இப்போது வேலியின் பெரிய தொல்லை, அது செத்துப்போனது தெரியாமல் இருப்பது. காலையில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். அதற்குள் மரவள்ளி போயிருக்கும். புதிய பெட்டிகள் தாங்கள் அனுப்பிய அடியை, திரும்பி வருகிறபோது தாங்களே அளக்கின்றன. மைக்ரோ கன்ட்ரோலர் என்கிற சிப், ஒவ்வொரு அடியின் உச்ச வோல்ட்டையும் பிடித்துப் பதிவு செய்கிறது. ஒற்றை எண்ணைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. எண்கள் போகிற போக்கைப் பார்த்தால் நிறைய தெரியும்.

புல் வளர்ந்தால் வோல்ட் நாளுக்கு நாள் மெள்ள இறங்கும். அதிகாலைப் பனி ஈரத்தில் இன்னும் இறங்கி, வெயில் ஏறியதும் கொஞ்சம் தேறும். பன்றி தொட்டால் ஒன்றிரண்டு அடிக்கு மட்டும் சட்டென்று இறங்கி, உடனே பழைய நிலைக்கு வரும். மரக்கிளை விழுந்தால் ஒரேயடியாக இறங்கி, அப்படியே கிடக்கும். கம்பி அறுந்தால் பெட்டிப் பக்கம் வோல்ட் குறையாது. வேலிக் கடைசியில் வைத்த உணர்கருவியில் மட்டும் பூஜ்யம் காட்டும். அனுபவசாலி வைத்தியர் நாடி பார்த்து நோயைப் பிரிக்கிற மாதிரிதான். மின்னணுத் துறையில் இதைக் குறிப்பலைச் செயலாக்கம் என்கிறார்கள்.

பிரித்த செய்தியைக் கைப்பேசிக்கு அனுப்ப சிம் கார்டு உள்ள பெட்டிகள் கடைகளில் கிடைக்கின்றன. மலையின் பல மடிப்புகளில் டவர் கிடைக்காது என்பது திருப்புலி நாட்டுக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கே கைகொடுக்கக்கூடியது 'லோரா' என்கிற குறைந்த மின்சக்தி ரேடியோ முறை. இந்தியாவில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை இதற்கு உரிமம் தேவையில்லை. நேர்ப் பார்வை இருந்தால் சில கிலோ மீட்டர் போகும். நடுவில் ஒரு குன்று மறைத்தால் நின்றுவிடும். ஒரு ஊருக்குப் பொதுவாக, உயரமான இடத்தில் ஒரு வாங்கி வைத்தால் இருபது, முப்பது வேலிகளைக் கவனிக்கலாம். தனி ஆளாக வாங்குவதைவிட உழவர் உற்பத்தியாளர் குழுக்கள் யோசிக்க வேண்டிய விஷயம் இது என்பது என் கருத்து.

விலங்கு வருவதற்கு முன்பே கண்டுபிடிக்கிற முறையும் வந்துவிட்டது. கோவை மதுக்கரையில் ரயில் பாதையில் யானைகள் அடிபடாமல் இருக்க, 2024 பிப்ரவரியில் 7.24 கோடி ரூபாய் செலவில் 12 கோபுரங்களில் கேமராக்களை வைத்தது வனத்துறை. இரவில் உடல் சூட்டைப் பார்க்கிற கேமராக்கள் அவை. படத்தில் இருப்பது யானைதானா என்று செயற்கை நுண்ணறிவு பிரித்துப் பார்த்து எச்சரிக்கிறது. ஆனால், யானைக்கு ஆகிற செலவு மரவள்ளிக்கு ஆகாது. வயல் அளவில் விற்கிற மலிவு சென்சார்கள், வெயிலில் சூடேறி ஆடுகிற வாழை இலைக்கும் கூவுகின்றன. விளக்கும் சத்தமும் பன்றிக்குச் சில வாரங்களில் பழகிவிடுகின்றன. இப்போதைக்கு அடி போடுகிற வேலிதான் நம்பகம்.

அனுமதி வாங்காமல் போடாதீர்கள்

தமிழக அரசு 2023-ல் மின்வேலிகளுக்கெனத் தனி விதிகள் கொண்டுவந்தது. வனத்தை ஒட்டிய நிலங்களில், ஏற்கெனவே உள்ள வேலிகளைப் பதிவு செய்ய வேண்டும். புதிய வேலிக்கு வனத்துறையிடம் முன்அனுமதி பெற வேண்டும். பெட்டி மேலே சொன்ன தர நிர்ணயத்தில் இருக்க வேண்டும். வேளாண்மைப் பொறியியல் துறை 50 சதவிகித மானியத்தில் சூரிய மின்வேலி அமைத்துக் கொடுத்திருக்கிறது. இந்த ஆண்டு ஒதுக்கீடு எவ்வளவு என்பதை நாமக்கல் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

'பன்றியைச் சுட அனுமதி வந்துவிட்டதே' என்று சிலர் கேட்பார்கள். 2025 ஜனவரியில் வந்த நடைமுறைப்படி, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோ மீட்டருக்குள் சுட முடியாது. 1 முதல் 3 கிலோ மீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோ மீட்டரைத் தாண்டினால்தான், அதுவும் வனத்துறையினர் மட்டும், சுடலாம். காட்டை ஒட்டியே நிலம் வைத்திருக்கிற மலை விவசாயிக்கு இதனால் பெரிய பலன் இல்லை. வேலிதான் அவருக்கு வழி.

போடும்போது இவற்றை மறக்காதீர்கள். முள்கம்பியில் மின்சாரம் கொடுக்கக் கூடாது. தொட்டவர் மாட்டிக்கொண்டால் விநாடி இடைவெளி இருந்தும் பயனில்லை. பக்கத்து நிலத்துக்காரரும் மின்வேலி போட்டால் இரண்டு கம்பிக்கும் நடுவே இரண்டரை மீட்டராவது இருக்கட்டும். இரண்டு பெட்டிக்கும் தாளம் வேறு. ஒரே ஆள் இரண்டையும் தொட்டால் அடிகள் ஒன்றன்பின் ஒன்றாக விழும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற ஒற்றையடிப் பாதை நிலத்தின் ஓரமாகப் போனால், அங்கே மஞ்சள் எச்சரிக்கைப் பலகையும், காப்பிட்ட கைப்பிடியோடு திறப்பும் கட்டாயம். வழிப்போக்கர்களில் இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர் இருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வாசகர் கடைசியாக ஒரு வரி சேர்த்திருந்தார்: 'இதே வேலி பலாவைக் குரங்குகளிடமிருந்து காப்பாற்றுமா?' பெரும்பாலும் காப்பாற்றாது. மரத்திலிருந்து தாவிக் கம்பி மேல் உட்கார்கிற குரங்கு மண்ணைத் தொடுவதில்லை, வட்டம் முடிவதில்லை. மின் கம்பியில் காக்கை உட்காருகிற கதைதான். மேல் இரண்டு கம்பிகளில் ஒன்றை எர்த்தாக்கி, நெருக்கமாகக் கட்டினால், ஏறி வருகிற குரங்குக்கு அடி விழும். அதுவும் பக்கத்து மரக்கிளைகளை வேலியிலிருந்து 3, 4 மீட்டர் கழித்துவிட்டால்தான். மிளகுக் கொடி ஏற்றிய மரங்களைக் கழிக்க மனசு வராது என்பதால், மிளகு இருக்கிற பக்கம் அந்தச் செலவைச் செய்ய வேண்டாம்.